பதின்பருவத்தினரின் பளு தூக்கும் பயிற்சி

பளு தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்பது பரவலான அச்சம். முறையான பயிற்சி உயரத்தைக் குறைப்பதற்குச் சான்று இல்லை. 2018ஆம் ஆண்டு புவனோஸ் ஐரிஸ் இளையோர் ஒலிம்பிக்கில் மிசோரமைச் சேர்ந்த ஜெரமி லால்ரின்னுங்கா 62 கிலோ பிரிவில் மொத்தம் 274 கிலோ தூக்கித் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 15.

அச்சத்தின் வேர் வளர்ச்சித் தட்டு. நீண்ட எலும்புகளின் முனையருகே உள்ள இந்தக் குருத்தெலும்புப் பகுதியிலிருந்தே எலும்பு நீள்கிறது. பருவமடைதலின் இறுதியில் இது கெட்டியாகி மூடிக்கொள்ளும். பெண்களுக்குச் சற்று முன்னதாகவே. அதுவரை, சுற்றியுள்ள எலும்பைவிட இது வலுக்குறைந்தது. முறிந்தால் அந்த எலும்பின் வளர்ச்சி பாதிக்கப்படலாம். ஆனால் பளு தூக்குவதில் அத்தகைய முறிவுகள் பெரும்பாலும் தவறான முறையாலும், மேற்பார்வையின்றி அளவுக்கு மீறித் தூக்குவதாலும் நேர்பவை. கால்பந்திலும் கீழே விழுவதிலும் இவை நேர்வதுண்டு; ஆனாலும் கால்பந்து ஆடுவதை யாரும் தடுப்பதில்லை.

தொடக்கத்தில் கூடும் வலிமை தசைப் பருமனால் அன்று, நரம்புகள் தசையை இயக்கப் பழகுவதால் வருவது. ஆகவே புஜம் பெருக்கவில்லையே என்று எடையைக் கூட்டுவது வீண். முதலில் வெறும் கம்பி, சரியான அசைவு. பிறகு 8 முதல் 15 முறை தடுமாறாமல் தூக்கக்கூடிய எடை. வாரத்தில் 2 அல்லது 3 நாள், இடையில் ஓய்வு.

இதயநோயோ கட்டுப்படாத இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு மருத்துவர் ஒப்புதல் தேவை. உயரத்தை உண்மையிலேயே குறைக்கக்கூடியது தசை பெருக்க உட்கொள்ளும் ஸ்டீராய்டு: அது வளர்ச்சித் தட்டை முன்கூட்டியே மூடிவிடும்.