பிரட்டுக் களத்திலே பிறந்த தாளம்

ஒரு வாத்தியத்தைக் கற்க விரும்புவோன் முதலில் நல்ல ஆசானை நாட வேண்டும் என்பது நம்மவரிடையே வேரூன்றிவிட்ட கொள்கை. தவிலுக்கும் நாகசுரத்துக்கும் குருகுலம் உண்டு. வீணைக்கும் வயலினுக்கும் பாடமுறை உண்டு. ஆனால் பதுளையைச் சூழ்ந்த ஊவாத் தேயிலைத் தோட்டங்களிலே, தலைமுறை தலைமுறையாக முழங்கி வந்த தப்பு என்னும் தோற்கருவிக்கு அமர்ந்து பாடஞ் சொல்லும் ஆசானும் இல்லை, ஏடும் இல்லை, அரங்கேற்றமும் இல்லை. அவ்வாறிருந்தும் அதனை வாசிப்போர் குறைவின்றித் தோன்றிக்கொண்டே இருந்தனர். அவர்கள் எவ்வாறு கற்றனர்?

விடை காண வேண்டுமாயின் தோட்டத்தின் பொருளாதாரத்தை முதலில் நோக்குதல் வேண்டும். கோப்பி செழித்த காலத்திலே தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரிற் பலர் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869 ஆம் ஆண்டிலே தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைப் பிடித்த தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. நிலையாக வாழும் தொழிலாளரை வேண்டுவது. ஆகவே பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை, அப்புத்தளை என்று பரந்த மலைகளிலே மக்கள் குடும்பம் குடும்பமாக லயங்களில் குடியமர்ந்தனர். 1890 ஆம் ஆண்டிலே அப்புத்தளையை அடுத்த தம்பேதன்னைத் தோட்டத்தைத் தோமஸ் லிப்டன் வாங்கினார். 1924 ஆம் ஆண்டிலே புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது. வாத்தியத்தின் கதைக்கு இவற்றுள் முக்கியமானது ஒன்றே: லயத்திலே குழந்தைகள் பிறந்து வளரலாயினர். தாள அறிவு ஒரு கையிலிருந்து மறு கைக்குச் செல்வதற்கு இரு தலைமுறைகள் ஒரே கூரையின்கீழ் வாழ்வது இன்றியமையாதது அன்றோ?

அக்குழந்தைகள் முதலிற் கேட்ட முழக்கம் பிரட்டுத் தப்பு. 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லே தொழிலாளர் வாயிலே 'பிரட்டு' ஆயிற்று. இருள் விலகுமுன் தப்பு முழங்கும், லயங்கள் விழிக்கும், ஆணும் பெண்ணும் பிரட்டுக் களத்திலே கூடி, அன்றைய வேலை எந்த மலையில் என்று அறிந்து செல்வர். மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் இயற்றிய 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்னும் கவிதையிலும் இவ்வைகறை முழக்கம் இடம்பெறுகின்றது. துரைக்கு அது கட்டளையின் குரல். தாயின் அருகே போர்வைக்குள் கிடந்த பிள்ளைக்கோ அது தினந்தோறும் தவறாத பாடம். ஏவலுக்கென்று அடித்த அடியையே அவன் காதிலே ஏற்றிக்கொண்டான். கேட்க விரும்பாதவனும் கேட்டே ஆக வேண்டிய பாடமாகையால், தோட்டத்துப் பிள்ளை ஒவ்வொருவனும் ஓரளவு தாளம் அறிந்தவனாகவே வளர்ந்தான் எனலாம்.

கருவியை நோக்கின் மிக எளியது. வட்டமான மரச்சட்டம், அதன்மேல் இழுத்து ஒட்டிய தோல். இடத்தோளிலிருந்து தொங்கவிட்டு, வலக்கையிலே குட்டையான தடித்த குச்சியும், இடக்கையிலே நீண்டு மெலிந்த மூங்கிற் சிம்பும் பற்றி வாசிப்பர். தடித்த குச்சி நடுத்தோலிலே விழும்போது தாழ்ந்த கனத்த நாதம் பிறக்கும். சிம்பு படும்போது கூர்மையான ஒலி தெறிக்கும். வைக்கோலையோ சருகையோ கொளுத்தி அனல் காட்டினால்தான் தோல் இறுகும். வடகீழ்ப் பருவமழை ஊவா மலைகளை நனைக்கும் மாதங்களிலே, காய்ச்சிய தோல் சிறிது நேரத்திலேயே தளர்ந்துவிடும். அனல் மிகுந்தாலோ தோல் வெடித்துப் போகும். தீயருகே நின்று சருகு போடும் சிறுவன், எந்தச் சூட்டிலே எந்த நாதம் வரும் என்பதைச் செவியாலேயே பழகுகிறான். சுருதி சேர்ப்பது என்று சங்கீத வித்துவான்கள் சொல்வதும் இதைத்தான்.

பின்னர் தகர மூடியும் பலகையும் முழங்காலும் அவனுக்குத் தப்பாகும். "டண் டணக்கு" என்று வாயாற் சொல்லிக்கொண்டே விரலால் தட்டுவான். சொல் நின்ற பின்னரே கை நிற்கும். மூத்தோர் குழுவிலே இடம் கிடைக்கும்போதும், அவனுக்கு முதலில் வருவது அலங்கார வேலை அன்று. மாறாத அடிப்படை நடையே. மற்றவர் அடியைப் பின்னியும் முறித்தும் விளையாடுவர். இவன் மட்டும் விலகாது, விரையாது, தாழ்ந்த அடியைத் தாங்கி நிற்றல் வேண்டும். இது எளிய பணி என்று எண்ணுவோர் ஒரு நாழிகை செய்து பார்க்கலாம்!

இக்காலத்து மெல்லிசைக் குழுக்களிலே பேஸ் கித்தார் வாசிப்போன் செய்வதும் ஏறக்குறைய இதே பணிதான். லியோ ஃபெண்டர் என்னும் அமெரிக்கர் 1951 ஆம் ஆண்டிலே மின்சாரப் பேஸ் கித்தாரை விற்பனைக்குக் கொணர்ந்தபோது, அப்புதிய கருவிக்கென்று ஆசிரியர் எவரும் இலர். இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டே பலர் பழகினர். லிவர்ப்பூல் நகரத்துப் போல் மெக்கார்ட்னி, 1961 ஆம் ஆண்டிலே தம் குழுவின் பேஸ் வாத்தியக்காரர் விலகியதனால் அக்கருவியை ஏற்றவர். முறையான பாடம் பெற்றவர் அல்லர். கடலுக்கு அப்பாலுள்ள இளைஞனுக்கு இசைத்தட்டு எதுவோ, ஊவாத் தோட்டத்துச் சிறுவனுக்கு வைகறைத் தப்பு அதுவே. வேறுபாடும் உண்டு. இசைத்தட்டைக் கேட்பவன் தனித்திருந்து பழகலாம். தப்புக்காரனின் பிழையோ தோட்டம் முழுவதற்கும் கேட்கும்.

அப்பிழை பொறுக்கப்படாத தேர்வுக்களம் காமன் கூத்து. மாசி அமாவாசையை அடுத்துக் காமன் கம்பம் ஊன்றப்படும். பௌர்ணமியையொட்டி மதனை எரிக்கும் காட்சி நிகழும். இரதியும் மதனும் ஆடுவதற்கு ஒரு நடை, வீரபத்திரன் வருகைக்கு ஒரு நடை, மதன் எரிந்தபின் இரதி புலம்புவதற்கு வேறொரு நடை என்று தப்பின் போக்கு மாறிக்கொண்டே போகும். ஆட்டக்காரனின் பாதத்தைப் பார்த்தே வாசிப்பவன் மாற வேண்டும். கல்யாண அடி, சாமி அடி, சாவு அடி என்று வீட்டு நிகழ்ச்சிகளுக்கும் வெவ்வேறு அடிகள் இருந்தன. தொலைவிலே கேட்பவன் அடியைக் கொண்டே செய்தியை அறிவான்.

இத்துணை நுட்பமான அறிவைக் கல்வி என்று எவரும் மதிக்கவில்லை. பதிவேட்டிலே தப்பு வாசிப்போன் கூலியாளே; கலைஞன் அல்லன். தோட்டப் பாடசாலை எழுத்தும் எண்ணும் கற்பித்தது. மேசையிலே விரலால் தாளம் போட்ட மாணவனுக்குப் பிரம்படியே கிடைத்தது. இதனினும் கொடியது சாதி. ஒரு பகுதியாரே தப்பு அடித்தல் வேண்டும், சாவு வீட்டிலே கூப்பிட்டபோது வந்து நிற்றல் வேண்டும் என்பது எழுதாத சட்டமாய் இருந்தது. விரும்பிக் கற்றவரும் உண்டு. விலக வழியின்றிக் கற்றவரும் உண்டு. பிற்காலத்து இளைஞர் பலர் குச்சியைத் தொட மறுத்தனராயின், அதனைக் கலையின்மேற் கொண்ட வெறுப்பு என்று சொல்லுதல் நீதியன்று. இழிவை மறுத்தவரையே கலையைக் கைவிட்டவர் என்று பழிப்பதா?

கலை அறுந்ததற்கு அரசியலும் காரணமாயிற்று. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை 1974 ஆம் ஆண்டிலே இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. மனிதரை எண்ணிப் பிரித்த அக்கணக்கிலே, தகப்பனும் தமையனும் வெவ்வேறு பக்கம் ஆயினர். தலைமன்னார் நோக்கிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அவ்வண்டியிலே ஏறியவருள் தப்புக்காரரும் இருந்தனர். புத்தகம் இருந்திருந்தால் பிள்ளை அதைப் பார்த்தேனும் பழகியிருப்பான். இங்கே புத்தகமும் பள்ளியும் அந்த மனிதரே. அவர் போன லயத்திலே மாசி மாதத்துக் கம்பத்தைச் சுற்றி ஆட்டம் இருந்தும் அடி குன்றிற்று.

இன்று பிரட்டுத் தப்பு பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. அதே தப்பு மலையகத்தாரின் அடையாளமாக மேடையேறுகின்றது. முன்னர் மறுத்தவரின் பிள்ளைகள் அதனைத் தாமாகவே கையிலெடுக்கின்றனர். இவ்விடத்திலே நோக்கத்தக்க இன்னொன்றும் உண்டு. வைகறைத் தப்பைக் கேட்டெழுந்து மலை ஏறியவருள் கொழுந்து கொய்வோர் பெரும்பாலும் பெண்களே. அந்நடைகளைச் சிறுவயதிலிருந்தே செவியில் ஏற்றியவர்கள் அவர்கள். ஆயினும் பழைய வழக்கிலே அவர்கள் கையிலே குச்சி கொடுக்கப்படவில்லை. தமிழகத்துத் திண்டுக்கல்லிலே சக்தி கலைக்குழுவின் பெண்கள் தப்பேந்தி ஆடியபோது, பார்த்தோர் வியந்தனர். ஊவா லயத்துப் பாட்டி ஒருத்தி அதைக் கண்டிருந்தால், வியப்பதற்கு முன்னரே அவள் விரல்கள் முழங்காலிலே தாளம் போடத் தொடங்கியிருக்கும்.