உழுந்தின் துணை: லைசினின் வரலாறு

வன்னிப் பெருநிலத்தின் வேளாண்மை இருவகை நிலங்களை நம்பி வளர்ந்தது. குளத்து நீர் பாயும் வயல் ஒன்று. வானத்து மழையை எதிர்பார்த்து நிற்கும் மேட்டுநிலம் மற்றொன்று. 1902ஆம் ஆண்டில் தொடங்கி 1920ஆம் ஆண்டில் நிறைவுற்ற இரணைமடுக் குளம் கிளிநொச்சி வயல்களுக்கு நெல்லைத் தந்தது. முல்லைத்தீவிலே முத்தையன்கட்டுக் குளமும் வவுனிக்குளமும் அப்பணியைச் செய்தன. குளங்களைப் பற்றி எழுதியோர் பலர். ஆனால் காலபோக மழையோடு வவுனியாவின் மேட்டுநிலங்களில் விதைக்கப்படும் உழுந்தையும் பயறையும் பற்றி எழுதியோர் சிலரே. சோற்றிலே குறைவாயுள்ள ஒரு பொருளை இப்பயிர்கள் எவ்வாறு நிறைவு செய்கின்றன என்பதை அறிவியல் அறிந்துகொண்ட வரலாற்றை இன்று நோக்குவோம்.

அப்பொருளின் பெயர் லைசின். அது புரதத்தை ஆக்கும் இருபது அமினோ அமிலங்களுள் ஒன்று. 1889ஆம் ஆண்டில் எட்மண்ட் டிரெக்செல் என்னும் ஜேர்மன் இரசாயன அறிஞர் பாலிலுள்ள கேசீன் என்னும் புரதத்திலிருந்து அதனை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். புதிய பொருளொன்று கிடைத்தது. ஆயினும் அதனால் உயிருக்கு ஆகும் பயன் யாது என்பது அன்று தெரியவில்லை.

அதற்கான விடை 1914ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்தது. தோமஸ் ஒஸ்போர்ன், லஃபாயெற் மெண்டல் ஆகிய இருவரும் இளம் எலிகளுக்குச் சோளத்தின் சீயின் என்னும் புரதத்தை மட்டுமே புரத உணவாகக் கொடுத்தனர். எலிகள் நாளுக்கு நாள் மெலிந்தன. டிரிப்டோபான் என்னும் வேறோர் அமினோ அமிலத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது மெலிவு நின்றது. ஆனால் வளர்ச்சி ஏற்படவில்லை. அதனோடு லைசினையும் சேர்த்த பின்னரே எலிகள் வளரத் தொடங்கின. வயிறு நிறைவது வேறு, உடல் வளர்வது வேறு என்னும் உண்மை அன்று ஐயமற நிறுவப்பட்டது. எலியைப் போலவே மனிதனும் லைசினைத் தானே ஆக்க இயலாதவன், உணவிலிருந்தே பெறவேண்டியவன்.

அங்ஙனமாயின் இதனை ஆக்குபவர் யாவர்? தாவரங்களும், பற்றீரியாக்களும், பூஞ்சணங்களுமே. இவற்றுட் பூஞ்சணங்கள் செல்லும் வழி தனிவழி. தாவரங்களும் பற்றீரியாக்களும் ஏறத்தாழ ஒரே வழியிற் செல்கின்றன. அந்த வழியைக் கண்டறிந்த கதை 1950ஆம் ஆண்டை அண்டிய காலத்திலே தொடங்குகிறது. எலிசபெத் வேர்க் என்னும் ஆங்கில அறிஞர், தொண்டைக்கரப்பான் நோயை உண்டாக்கும் பற்றீரியாவில் முன்பு எவரும் அறியாத ஓர் அமிலத்தைக் கண்டார். அது டையமினோபிமெலிக் அமிலம் எனப்படும். 1952ஆம் ஆண்டில் அவரும் டூயி என்பவரும், அந்த அமிலத்திலிருந்து கரியமிலவாயுவை நீக்கி அதனை லைசினாக மாற்றும் நொதியத்தை எடுத்துக்காட்டினர். உயிர்க்கலத்தினுள் இரசாயன மாற்றங்களை விரைந்து நிகழ்த்தும் புரதங்களையே நொதியங்கள் என்கிறோம். எனவே இந்நெடுவழியின் இறுதிப் படி முதலிலே தெரியவந்தது எனலாம்.

எஞ்சிய படிகளை அறிவதிற் பெரும்பங்கு கொண்டவர் அமெரிக்கரான சார்ல்ஸ் கில்வார்க். குடலில் வாழும் பற்றீரியாவொன்றை அவரும் பிறரும் ஆராய்ந்ததால் முழுவழியும் புலனாயிற்று. அஸ்பார்ட்டிக் அமிலம் என்னும் எளிய பொருளில் அது தொடங்குகிறது. முதல் நொதியம் அதனோடு பொசுபேற்றைச் சேர்க்கிறது. இரண்டாவது அதனை மேலும் மாற்றுகிறது. மூன்றாவது நொதியம் முக்கியமானது. வெல்லத்தின் சிதைவிலே பிறக்கும் பைருவேற்று என்னும் பொருளை அது இணைத்து, லைசினுக்கே உரிய கிளைப்பாதையைத் திறந்துவிடுகிறது. அப்பற்றீரியாவில் தொடக்கம் முதல் இறுதிவரை ஒன்பது நொதியங்கள், நெசவுச்சாலையிலே ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு நூல் செல்வதுபோல, இப்பணியைச் செய்து முடிக்கின்றன.

தாவரங்களும் இதே ஒன்பது படிகளையே ஏறுகின்றனவா என்னும் வினா நெடுநாள் தீராதிருந்தது. 2006ஆம் ஆண்டிலே அதற்கு விடை கிடைத்தது. பற்றீரியா மூன்று நொதியங்களைக் கொண்டு செய்யும் வேலையைத் தாவரம் ஒரே நொதியத்தால் முடித்துவிடுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் சிலர் காட்டினர். ஆகவே தாவரத்துக்கு ஏழு நொதியங்களே போதும். அந்த ஆய்வை வெளியிட்டவர்களுள் முதுமை எய்தியிருந்த சார்ல்ஸ் கில்வார்க்கும் ஒருவர். இளமையிலே தாம் தொடங்கிய கணக்கின் விடுபட்ட வரியை அரை நூற்றாண்டு கழித்து நிரப்பும் பேறு எல்லா அறிஞருக்கும் வாய்ப்பதில்லை.

இவ்வழியிலே ஒரு தடுப்பும் உண்டு. லைசின் போதிய அளவு சேர்ந்ததும், அதுவே திரும்பிச் சென்று மூன்றாவது நொதியத்தின் வேலையை நிறுத்துகிறது. குளம் நிரம்பியதும் வாய்க்காலின் மதகு தானே மூடிக்கொள்வது போன்றது இது. தாவரங்களில் இத்தடுப்பு மிகக் கூர்மையானது. யப்பானிய அறிஞர் 1950களின் பிற்பகுதியிலே மண்ணில் வாழும் பற்றீரியாவொன்றில் இத்தகைய தடுப்பு வேலை செய்யாதபடி மாற்றி, அதனைக் கொண்டே லைசினை ஆக்கத் தொடங்கினர். இன்று அம்முறையால் உலகெங்கும் ஆண்டொன்றுக்கு இருபது இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட லைசின் உண்டாகிறது. அதிற் பெரும்பகுதி கோழிக்கும் பன்றிக்கும் தீனியாகிறது.

நேயர்களே, இனி நமது சோற்றுக் கலத்துக்குத் திரும்புவோம். தானியங்கள் தம் விதையிலே சேமிக்கும் புரதத்தில் லைசின் குறைவு. அரிசி சோளத்தைப்போல அத்துணை வறியதன்று. ஆயினும் அதன் 100 கிராம் புரதத்தில் லைசின் 4 கிராமுக்கு மிகுவதில்லை. வளர்ந்தவர் உண்ணும் புரதத்திலே 100 கிராமுக்கு 4.5 கிராம் வேண்டும் என்பது உலக சுகாதார தாபனம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவு. உழுந்திலோ 6 கிராமுக்கு மேல் உண்டு. 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிராம் லைசின் வேண்டும். அவர் 400 கிராம் அரிசியைச் சமைத்து உண்டாலும் அதிலிருந்து கிடைப்பது ஒரு கிராம் அளவே. அதனோடு 50 கிராம் உழுந்து சேர்ந்தால் மேலும் முக்காற் கிராம் கிடைத்துக் குறை நீங்குகிறது. உழுந்திலே குறைவான கந்தகமுள்ள அமினோ அமிலங்களை அரிசி ஈடுசெய்கிறது. தோசையும் இட்டலியும், பயறிட்ட பொங்கலும் இந்தக் கணக்கை அறியாமலே அதனைச் சரியாகச் செய்து வந்திருக்கின்றன.

உழுந்துக்கு இவ்வளம் எங்கிருந்து வந்தது? லைசினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நைதரசன் அணுக்கள் இரண்டு உள. அதன் வேர்முடிச்சுகளிலே குடியிருக்கும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனை அமோனியாவாக்கிக் கொடுக்கின்றன. செடி அதனைக் கொண்டு அஸ்பார்ட்டிக் அமிலத்தையும், அதிலிருந்து லைசினையும் ஆக்கி, லைசின் மிகுந்த புரதங்களாக விதையிலே சேமிக்கிறது. உரம் வாங்க வசதியற்ற உழவனது மேட்டுநிலத்திலும் புரதம் விளைவது இக்கூட்டுறவினாலேயே.

இத்துணை அற்றுப்போகும் காலத்திலேதான் அதன் அருமை விளங்கும். 2008ஆம், 2009ஆம் ஆண்டுகளிலே போர் வன்னி மக்களை வயலிலிருந்தும் மேட்டுநிலத்திலிருந்தும் பெயர்த்தது. 2009ஆம் ஆண்டிலே இலட்சக்கணக்கானோர் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தின் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டனர். அவர்களுக்கு அளிக்கப்பட்ட உலருணவிலே அரிசியும் கோதுமை மாவும் பெரும்பங்கு வகித்தன. பருப்பும் அதில் ஒரு பங்கு. முட்டையும் மீனும் பாலும் அரிதான இடத்திலே லைசினுக்குப் பெரிதும் நம்பியிருக்க வேண்டியது அந்தப் பருப்பையே. உடல் மிகையான அமினோ அமிலத்தைக் கொழுப்பைப்போலச் சேமித்து வைப்பதில்லை. உணவிலே குறைந்தால் தன் தசையையே கரைத்துச் செலவிடும். ஆதலால் பங்கீட்டிலே பருப்பின் அளவு குறைந்தால், வயிறு சோற்றால் நிறைந்திருந்தும் குழந்தையின் வளர்ச்சி தடைப்படும்.

மெனிக் பாம் 2012ஆம் ஆண்டு செப்டெம்பரில் மூடப்பட்டது. ஊர் திரும்பிய மக்கள் கண்ணிவெடி அகற்றப்பட்ட நிலங்களிலே மீண்டும் விதைத்தனர். ஒரு நாட்டின் உணவு நிலையை நெல் மூடைகளை எண்ணி அளப்பது வழக்கம். நெல்லோடு உழுந்தும் பயறும் எத்தனை மூடை என்றும் கேட்டால்தான் அந்தக் கணக்கு நிறைவுறும். 1914ஆம் ஆண்டின் எலிகள் உலகுக்குக் கற்பித்த பாடம் அதுவே. வன்னியின் மேட்டுநிலம் ஆண்டுதோறும் காலபோகத்திலே சொல்லி வருவதும் அதுவே.