இரைப்பை வெறும் பையா? உடற்பருமன் சத்திரசிகிச்சையின் வரலாறு

"வாயைக் கட்டினா எல்லாம் சரியாகிடும்." உடம்பு பெருத்த ஒருவரைப் பற்றிக் கதைக்கும்போது எங்கட வீடுகளிலும் கல்யாண வீடுகளிலும் கன்டீனிலும் அதிகம் கேட்கிற வசனம் இதுதான். இதற்குள்ளே ஒரு உடலியல் கொள்கை ஒளிந்திருக்கிறது. வயிறு ஒரு பை, அதற்குள் குறைவாகப் போட்டால் உடம்பு குறையும், குறையவில்லையென்றால் அந்த ஆளுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை. இவ்வளவுதான் அந்தக் கொள்கை.

மருத்துவமும் நீண்டகாலம் ஏறத்தாழ இப்படித்தான் நினைத்தது. பையைச் சின்னதாக்கலாம், குழாயைக் குட்டையாக்கலாம் என்று நம்பித்தான் சத்திரசிகிச்சை நிபுணர்கள் கத்தியை எடுத்தார்கள். ஆனால் அந்தச் சத்திரசிகிச்சைகளே பிறகு அந்த நம்பிக்கையை உடைத்தன. கலைப்பீடத்துக்காரருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு சமூகம் யாரைக் குற்றவாளியாகப் பார்க்கிறது என்பது வரலாற்றுக் கேள்வியும்தான். அதனால் கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்ப்பம்.

துளை விழுந்த வயிறு

1822 ஜூன் மாதம். இன்றைய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிற மக்கினாக் தீவு. மிருகத்தோல் வியாபாரக் கடையொன்றில் தவறுதலாக வெடித்த துப்பாக்கி அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற கனேடியத் தொழிலாளியின் வயிற்றைத் துளைத்தது. இராணுவ வைத்தியர் வில்லியம் போமொன்ட் அவரைக் காப்பாற்றினார். ஆனால் இரைப்பையில் விழுந்த துளை கடைசிவரை மூடவில்லை. 1825 முதல் போமொன்ட் அந்தத் துளையைச் சாளரமாகப் பயன்படுத்தினார். இறைச்சித் துண்டுகளை நூலில் கட்டி உள்ளே விட்டு, நேரம் பார்த்து வெளியே இழுத்தார். 1833இல் வந்த அவருடைய நூல், இரைப்பையில் நடப்பது வெறும் அரைத்தல் இல்லை, அது அமிலச் சாறு செய்கிற இரசாயன வேலை என்று காட்டியது.

சென் மார்ட்டினுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஒப்பந்தத்தில் அடையாளம் மட்டும் இட்டார். போமொன்டின் வீட்டில் வேலைக்காரனாக விறகும் வெட்டினார், பரிசோதனைப் பொருளாகவும் இருந்தார். 1880இல் அவர் இறந்தபோது, வைத்தியர்கள் கைக்கு உடல் போய்விடக்கூடாது என்று குடும்பத்தார் அது அழுகும்வரை வைத்திருந்து, பிறகு ஆழமாகப் புதைத்தார்கள். இரைப்பை பற்றிய நவீன அறிவு ஒரு ஏழைத் தொழிலாளியின் உடம்பில் இருந்து தொடங்குகிறது என்பதை மறக்கக்கூடாது.

அடுத்தது பசி. 1912இல் ஹாவார்டில் வோல்டர் கனனும் அவருடைய மாணவர் வொஷ்பேர்னும் ஒரு பரிசோதனை செய்தார்கள். வொஷ்பேர்ன் ஒரு பலூனை விழுங்கினார். இரைப்பை சுருங்கும் நேரமும் அவருக்குப் பசி குத்தும் நேரமும் பொருந்தி வந்தன. ஆக, பசி என்பது வெறும் பையின் இறுக்கம் என்று முடிவு கட்டினார்கள். ஆனால் 1931இல் ஓவன் வாங்கன்ஸ்டீன், கால்சன் ஆகிய இருவரும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அவருக்கு இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டிருந்தது, ஆனாலும் பசித்தது. பையே இல்லாத இடத்தில் பசி எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்கு அப்போது யாரிடமும் சரியான விடை இருக்கவில்லை.

ஒரே பல்கலைக்கழகம், இரண்டு பரிசோதனைகள்

வாங்கன்ஸ்டீன் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் சத்திரசிகிச்சைத் துறைத் தலைவர். அதே பல்கலைக்கழகத்தில் 1944-45இல் அன்செல் கீஸ் என்ற உடலியலாளர் 36 இளைஞர்களை அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். அவர்கள் போருக்குப் போக மறுத்து, அதற்குப் பதிலாகத் தாமே முன்வந்து இந்தப் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டவர்கள். அதாவது மனவுறுதி இல்லாதவர்கள் என்று இவர்களைச் சொல்லவே முடியாது. உடல் எடையில் கிட்டத்தட்ட கால்பங்கு குறைந்தபோது அவர்கள் சாப்பாட்டைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாமல் தவித்தார்கள். சமையல் புத்தகங்களை வாசித்தார்கள், தட்டை நக்கினார்கள். உடம்பு சூடு குறைந்து, இதயத் துடிப்பு மெதுவாகி, கிடைத்ததைச் சேமிக்கத் தொடங்கியது. பட்டினியை உடம்பு எதிர்த்துப் போராடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் பக்கத்துத் துறை இதை அப்படி வாசிக்கவில்லை. 1954இல் மினசோட்டாவின் கிரெமனும் லினரும் நாய்களில் செய்த குடல் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுகுடலின் பெரும்பகுதியைத் தவிர்த்து இரு முனைகளையும் இணைத்தால் கொழுப்பு உறிஞ்சப்படாது, எடை குறையும் என்பது கண்டுபிடிப்பு. மனிதர்களுக்கும் செய்யத் தொடங்கினார்கள். 1960களில் இது பரவியபோது வழக்கமாக வைத்துக்கொண்டது குடலின் தொடக்கத்தில் 14 அங்குலம், முடிவில் 4 அங்குலம். சிறுகுடலின் முழு நீளம் ஏறத்தாழ 6 மீற்றர்! மிச்சம் முழுவதும் உணவைக் காணாமல் உள்ளே கிடந்தது.

எடை குறைந்தது உண்மை. ஆனால் வயிற்றோட்டம் நிற்கவில்லை. பாவிக்கப்படாத குடலில் பக்டீரியாக்கள் பெருகின. சிலருக்கு ஈரல் செயலிழந்தது. சிறுநீரகத்தில் கற்கள் வந்தன. குடலுக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் என்ன சம்பந்தம்? சாதாரணமாக உணவிலுள்ள ஒக்சலேற்றைக் கல்சியம் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். இங்கே உறிஞ்சப்படாத கொழுப்பு கல்சியத்தைப் பிடித்துக்கொள்ள, தனித்துவிடப்பட்ட ஒக்சலேற் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் கல்லானது. ஒரு குழாயைக் குட்டையாக்கினால் இன்னொரு உறுப்பு அடிவாங்குகிறது. 1980 அளவில் இந்தச் சத்திரசிகிச்சை கைவிடப்பட்டது. பலருக்கு வயிற்றைத் திரும்பத் திறந்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டி வந்தது.

மேசனின் சின்னப் பை

அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வேர்ட் மேசன் வேறொன்றைக் கவனித்தார். இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியவர்கள் மெலிந்துபோகிறார்கள், திரும்ப எடை போடுவதும் கஷ்டம். 1966இல் அவரும் சிகாஷி இட்டோவும் உடற்பருமன் உள்ளவருக்கு முதல் இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சையைச் செய்தார்கள். இரைப்பையின் மேற்பகுதியை மட்டும் ஒரு சின்னப் பையாகப் பிரித்து, அதை நேரே சிறுகுடலோடு இணைப்பது. 1977இல் வோர்ட் கிரிஃபன், இணைப்பை ஆங்கில 'வை' எழுத்தின் வடிவத்துக்கு மாற்றினார். இன்று செய்வது பெரும்பாலும் அதன் வழிவந்ததுதான்.

பிறகு மேசனே இதை எளிமையாக்கப் பார்த்தார். குடலைத் தொடவேண்டாம், இரைப்பையை மட்டும் கிளிப் போட்டுச் சுருக்கிப் பட்டி கட்டினால் போதாதா? 1980களில் இந்த முறை பிரபலமானது. வயிறு வெறும் பை என்றால் இரண்டும் ஒரே பலனைத் தந்திருக்க வேண்டும். தரவில்லை. பட்டி கட்டியவர்களில் கனபேருக்கு வருடங்கள் போக எடை திரும்பி வந்தது. பை அதே அளவுதான், ஆனால் பசி போகவில்லை. இனிப்பும் ஐஸ்கிறீமும் சின்ன வாசலாலும் வழுக்கிக்கொண்டு போயின. வழியை மாற்றியவர்களுக்கோ பசியே குறைந்திருந்தது. சாப்பாட்டு விருப்பம்கூட மாறியிருந்தது.

யார் நினைத்தது?

1995இல் வட கரோலினாவில் வோல்டர் போரிஸ் குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் தலைப்பே "யார் நினைத்திருப்பார்கள்?" என்ற பொருளில்தான் தொடங்கியது. 608 பேருக்கு இரைப்பை மாற்றுவழி செய்திருந்தார்கள். அவர்களில் 146 பேருக்கு சீனி வருத்தம் இருந்தது. அந்த 146 பேரில் 121 பேருக்கு இரத்தச் சீனி வழமைக்கு வந்து அப்படியே நின்றது. அதைவிட ஆச்சரியம் அதன் வேகம். எடை குறைய மாதங்கள் எடுக்கும், சீனியோ நாட்களிலேயே இறங்கியது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு சாப்பாடு மிகக் குறைவு என்பது ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டும் போதாது என்று பட்டது. குடல் ஏதோ பேசுகிறது.

குடல் பேசும் என்பது புதிய விஷயமில்லை. 1902இல் லண்டனில் பெய்லிஸும் ஸ்டார்லிங்கும், குடல் இரத்தத்தின் வழியே சதையிக்குச் செய்தி அனுப்புகிறது என்று கண்டார்கள். 1905இல் ஸ்டார்லிங் அப்படிப்பட்ட பொருட்களை 'ஓமோன்' என்று அழைத்தார். ஓமோன் என்ற சொல்லே குடலில் பிறந்த சொல்தான். அந்தப் பழைய கண்டுபிடிப்பும் எடைக் குறைப்புக் கத்தியும் சந்திக்க இவ்வளவு காலம் எடுத்தது.

1999இல் யப்பானில் கொஜிமா, கங்காவா குழுவினர் இரைப்பையிலிருந்து வரும் கிரெலின் என்ற பசி ஓமோனைக் கண்டுபிடித்தார்கள். 2002இல் டேவிட் கமிங்ஸ் குழு, உணவுக்கட்டுப்பாட்டால் 17 வீதம் எடை குறைத்தவர்களுக்குக் கிரெலின் 24 வீதம் கூடியிருப்பதைக் காட்டியது. அதாவது வாயைக் கட்டக் கட்ட உடம்பு பசியைக் கூட்டுகிறது. கீஸின் இளைஞர்கள் தட்டை நக்கியதற்கு இப்போது ஒரு விளக்கம் கிடைத்தது. அதே ஆய்வில் இரைப்பை மாற்றுவழி செய்தவர்களுக்குக் கிரெலின் மிகக் குறைவாக இருந்தது. பிந்திய ஆய்வுகளில் இந்த முடிவு எல்லா இடமும் ஒரேமாதிரி வரவில்லை. ஆகவே கிரெலின் ஒன்றே விடை என்று சொல்ல முடியாது.

அப்ப உள்ளே நடப்பது என்ன?

இரைப்பை மாற்றுவழியில் மேலே 30 மில்லிலீற்றர் அளவில், ஒரு முட்டையைவிடச் சின்னதாக, ஒரு பை மட்டும் உணவை வாங்குகிறது. மிச்ச இரைப்பையை எடுத்து எறிவதில்லை, அது உள்ளேயே இருந்து சாறு சுரக்கும். உணவு அந்த இரைப்பையையும் முன்சிறுகுடலையும் தாண்டி நேரே கீழே போகிறது. பித்தமும் சதையிச் சாறும் இன்னொரு கிளை வழியாக வந்து கீழே சந்திக்கின்றன. இதனால் உணவு வழமையைவிட வேகமாகக் குடலின் கடைப்பகுதியை அடைகிறது. அங்குள்ள கலங்கள் ஜி.எல்.பி-1, பி.வை.வை ஆகிய ஓமோன்களைப் பெருமளவில் விடுகின்றன. முதலாவது இன்சுலினைத் தூண்டும். இரண்டும் மூளைக்குப் "போதும்" என்று சொல்லும்.

இன்று உலகில் அதிகம் செய்யப்படுவது வேறொன்று. இரைப்பையின் முக்கால்வாசிக்கு மேலே நீளவாக்கில் வெட்டி எடுத்து, வாழைப்பழ வடிவக் குழாயாக விடுவது. பெரிய சத்திரசிகிச்சையொன்றின் பகுதியாக இருந்த இது, 2000 அளவில் ஆபத்துக் கூடியவர்களுக்கு முதற்கட்டமாக மட்டும் செய்யப்பட்டது. அதிலேயே பலருக்கு எடை போதியளவு குறைந்தது, இரண்டாம் கட்டம் தேவைப்படவில்லை. கிரெலின் அதிகம் சுரக்கிற மேற்பகுதியே இதில் வெட்டுப்பட்டுப் போகிறது. 2014இல் எலிகளில் செய்த ஓர் ஆய்வு இன்னும் ஒருபடி போனது. பித்த அமிலங்களை உணரும் ஒரு ஏற்பி இல்லாத எலிகளுக்கு இதே சத்திரசிகிச்சை சரியாக வேலை செய்யவில்லை. பை சின்னது, ஆனால் பலன் இல்லை.

இதற்கெல்லாம் விலையும் உண்டு. இரும்புச்சத்தும் கல்சியமும் அதிகம் உறிஞ்சப்படுகிற முன்சிறுகுடலைத் தாண்டிப் போவதால் குறைபாடு வரும். விற்றமின் பி12ஐ உறிஞ்ச இரைப்பையின் துணை வேண்டும், அதுவும் குறைகிறது. வாழ்நாள் முழுவதும் மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் தேவை. இனிப்பு வேகமாகக் குடலில் விழுந்தால் தலைசுற்றும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். எடை ஓரளவு திரும்புவதும் உண்டு. மறுபக்கம், 1987இல் தொடங்கிய சுவீடன் ஆய்வு சத்திரசிகிச்சை செய்த 2010 பேரையும் செய்யாத 2037 பேரையும் தொடர்ந்து பார்த்தது. 2007இல் வந்த முடிவின்படி செய்தவர்களிடம் இறப்பு குறைவு. ஆக, இதை "குறுக்கு வழி" என்று சொல்லுறவங்க இந்த இரண்டு பக்கத்தையும் பார்க்கவில்லை.

தெற்காசியர்களான எங்களுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. எங்கட உடம்பில் குறைந்த எடையிலேயே சீனி வருத்தம் வந்துவிடுகிறது. அதனால்தான் 2022இல் சர்வதேச நிபுணர் சங்கங்கள் சத்திரசிகிச்சைக்கான உடற்திணிவுச் சுட்டெண்ணைப் பொதுவாக 35 ஆகவும், ஆசியர்களுக்கு 27.5 ஆகவும் மாற்றின. பேரைக் கேட்டு ஊசி தேடுகிற புதிய எடைக் குறைப்பு மருந்துகளும் அந்த ஜி.எல்.பி-1இன் சாயலில் செய்யப்பட்டவைதான்.

நாங்கள் யாரையும் கத்திக்கோ ஊசிக்கோ அனுப்ப இதை எழுதவில்லை, அது வைத்தியரோடு கதைக்க வேண்டியது. எங்கட கவலை அந்த "வாயைக் கட்டு" என்ற வசனம் பற்றியது. மனக்கட்டுப்பாட்டுக்கு வேலையே இல்லை என்றும் நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பசி என்பது குடலும் இரைப்பையும் மூளையும் சேர்ந்து நடத்துகிற உரையாடல். அதில் ஒருவர் எவ்வளவு சத்தத்தைக் கேட்கிறார் என்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. மெலிந்தவர் எல்லாம் ஒழுக்கமானவர், பெருத்தவர் எல்லாம் பேராசைக்காரர் என்கிற தீர்ப்பை உடலியல் எப்போதோ கைவிட்டுவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில்தான் அது இன்னும் பரிமாறப்படுகிறது. அதை நிறுத்துவதற்குச் சத்திரசிகிச்சை எதுவும் தேவையில்லை.