கொம்பரக்கு கதவுக்கு வந்த வழி

ஜார்க்கண்டின் குந்தி, சிம்டேகா பக்கத்துப் புரசு, இலந்தை, பூவ மரங்களின் இளங்கொம்புகளில் அரக்குப் பூச்சியின் குஞ்சுகள் ஒட்டிக்கொள்கின்றன. சாற்றை உறிஞ்சிக்கொண்டே, தம்மைக் காத்துக்கொள்ளப் பிசினைக் கசியவிடுகின்றன. கொம்பை மூடி இறுகும் அந்தச் செம்பழுப்பு ஓடுதான் கொம்பரக்கு.

பழங்குடி விவசாயிகள் அதைச் சுரண்டிச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கிருந்து மேற்கு வங்கத்தின் பலராம்பூர் போன்ற ஊர்களுக்குப் போகிறது. இடித்து, சலித்து, தண்ணீரில் அலசினால் சிவப்புச் சாயம் கழன்றுவிடும். ஒரு காலத்தில் அந்தச் சாயத்துக்கே கிராக்கி அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செயற்கைச் சாயங்கள் வந்ததும் பிசின் முந்திக்கொண்டது.

அலசிய மணிகளை நீண்ட துணிப்பையில் நிரப்பி, கனல் முன்னே வைத்து முறுக்குவது பழைய முறை. உருகிய அரக்கு துணியின் இழைவழியே கசியும். அதை வழித்தெடுத்து, சூடு ஆறுமுன் கையால் பிடித்து, காலால் மிதித்து, பல்லாலும் கவ்வி இழுத்துப் பெரிய தாளாக விரிப்பார் ஒரு தொழிலாளி. அந்தத் திறமைக்கு என்ன கூலி கொடுத்தாலும் தகும். ஆறியதை நொறுக்கினால் அவலரக்கு.

நம் ஊர்ப் பாலிஷ்காரர் அதை இரவே ஸ்பிரிட்டில் ஊறப்போடுகிறார். உப்புத்தாள் போட்ட தேக்கின்மேல் பஞ்சுப் பொதியால் தேய்க்கத் தேய்க்க, ஸ்பிரிட் பறந்து பிசின் நிற்கிறது. காற்றின் ஈரத்தைத் தடுப்பதில் அது கெட்டி. அடைமழையில் பீரோ இழுப்பறை இறுகுவது மரம் ஈரம் குடித்துப் பருப்பதால்தான்; உள்பக்கமும் அரக்கு ஏறியிருந்தால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். தேங்கும் தண்ணீரும் சூடும்தான் அதற்கு ஆகாது. ஈர டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழும். சமையலறைக்கும் குளியலறைக்கும் பாலியூரித்தேனே சரி. அரக்கின்மேல் அதை அடிப்பதானால் மெழுகு நீக்கிய அரக்கு வேண்டும். இல்லாவிட்டால் பிடிப்பில்லாமல் உரியும்.

எதைப் பூசினாலும், கதவின் முகத்தை மட்டும் மினுக்கிவிட்டு மேல், கீழ் விளிம்புகளை வெறும் மரமாக விட்டுவிடுகிறார்கள். மரத்தின் நார் வெட்டுப்பட்ட முனைகள் அங்கேதான் திறந்து கிடக்கின்றன; முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஈரம் அவ்வழியே ஏறும். கதவை மாட்டுமுன் அந்த விளிம்புகளுக்கும் இரண்டு கோட்டிங் போடச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு அடிவிளிம்புக்குப் பிரஷ் நுழையாது.