கிரா: ஓர் எழுத்தின் மறைவு

கிரீன்லாந்து மக்களின் தொண்டையடியில் பிறக்கும் ஓர் ஒலியை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தாளில் தாங்கி நின்ற கிரா என்னும் எழுத்து, 1973ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தோடு ஓய்ந்தது. குள்ளமான உருவம், சிறிய கே எழுத்தின் நெடுங்கோட்டை மேலே நறுக்கிவிட்டால் எஞ்சுவதுதான் கிரா.

அந்த மொழியில் ககரம் இரண்டு. ஒன்று நாம் அறிந்தது. மற்றது, நாக்கின் அடி இன்னும் பின்னே போய் உள்நாக்கருகே ஒட்டி விலகும்போது வருவது. இடம் மாறினால் பொருளும் மாறிவிடும். ஐரோப்பியக் காதுகளுக்கு எளிதில் பிடிபடாத இந்த வேறுபாடு, 1814இல் மிஷனரி ஒருவரின் மகனாகக் கிரீன்லாந்திலேயே பிறந்து, சிறுவயதில் படிக்க ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, 1841இல் திரும்பியபின் சாகும்வரை அந்த மண்ணைவிட்டு அகலாத சாமுவேல் கிளைன்ஷ்மிட்டுக்குப் பிடிபட்டது. 1851இல் பெர்லினில் அச்சான தம் இலக்கண நூலில், இரண்டாம் ககரத்துக்குரிய ஆசனத்தில் அவர் கிராவை அமர்த்தினார்.

அன்றுமுதல் அகராதி, பள்ளிப் புத்தகம், 1861இல் நூக் நகரில் தொடங்கிய பத்திரிகை என எங்கும் அதற்கு ஓயாத வேலை. நாயின் பெயரில் முதலிலும் முடிவிலும் கிரா. மலையைக் குறிக்கும் சொல்லிலோ மூன்று கிரா. கயாக் படகின் பெயரிலும் இரண்டு உண்டு. உலகம் அப்பெயரை வாங்கிக்கொண்டபோதுதான் கிராவைக் கரையிலேயே விட்டுவிட்டு, வெறும் கே எழுத்தோடு போய்விட்டது. தனக்கென்று பெரிய எழுத்துகூட அதற்கு வாய்க்கவில்லை. ஊர்ப்பெயர்களின் தலையில் பெரிய கே எழுத்தையும் ஒரு மேற்குறியையும் இரவல் வாங்கிக்கொண்டு நின்றது.

முதுமை மெல்ல வந்தது. அச்சில் கிரா கிடைக்காத இடத்தில் கியூ எழுத்தை வைத்து ஒப்பேற்றினார்கள். பேச்சு மாறிக்கொண்டே போக, பழைய எழுத்துமுறை பிள்ளைகளுக்குப் பாரமாயிற்று. பேசுவதுபோல் எழுதலாம் என்று 1973இல் முடிவானபோது உயிரெழுத்துகளின் தலைக்குறிகளும் போயின, கிராவும் போயிற்று. கியூ நிரந்தரமாக அமர்ந்தது. கனடாவின் லாப்ரடோர் கரையில் வாழும் உறவினரும் கிராவை விட்டு, சொல்லின் நடுவிலும் பெரிய கே எழுத்தையே எழுதப் பழகினார்கள். கணினிக்கான வடஐரோப்பிய எழுத்துத் தொகுதியில் 1988இல் கிராவுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அந்த மரியாதை வந்துசேரப் பதினைந்து ஆண்டு தாமதம்.

யாரையும் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. கியூ தன் வேலையைச் செவ்வனே செய்கிறது, ஒலியும் பிழைத்திருக்கிறது. ஆனால் பாட்டனார் எழுதிவைத்த கடிதத்தைப் பிரிக்கும் பேரன் அங்கே முதலில் கிராவைத்தான் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அந்த உரிமையை எந்தச் சீர்திருத்தமும் அதனிடமிருந்து பறிக்கவில்லை.