நுளம்பும் நீர்நிலையும்: இலங்கை மலேரியா வரலாற்றில் ஒரு நோக்கு

இலங்கை வரலாற்றை எழுதியோர் அரசர்களையும் படையெடுப்புக்களையும் குளங்களையும் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். ஆயின், அந்நாட்டின் ஆற்றுப் படுகைகளில் பிறந்து வாழும் ஒரு சிறு பூச்சியினம் மக்களின் குடியிருப்பையும் குடித்தொகையையும் அரசியலையும் எத்துணை பாதித்தது என்பது அதே அளவு கவனத்தைப் பெறவில்லை. லூசியஸ் நிக்கல்ஸ் என்னும் மருத்துவ ஆய்வாளர் 1921ஆம் ஆண்டிலேயே, இராசரட்டையின் பண்டை நகரங்கள் பாழடைந்தமைக்கு மலேரியா காரணமாயிருந்தது என்னும் கருத்தை முன்வைத்தார். அக்கருத்து நிறுவப்பட்டதொன்றன்று. குளங்கள் அழிந்தமைக்கு நோய் காரணமா, அன்றி அவை அழிந்ததன் விளைவே நோயா என்பது விவாதத்துக்குரியதாகவே உள்ளது. ஆதலின், பண்டைக் காலத்தை விடுத்துச் சான்றுகள் மிகுந்த இருபதாம் நூற்றாண்டை இக்கட்டுரை நோக்குகின்றது. நுளம்பு பிறக்கும் நீரைப் பற்றிய அறிவும், அதன் மீதான கண்காணிப்பின் தொடர்ச்சியுமே இந்நோயின் எழுச்சி வீழ்ச்சிகளைப் பெரிதும் நிர்ணயித்தன என்பதை எடுத்துக்காட்டுவதே இதன் நோக்கமாகும்.

1. நோய்க்காவியை இனங்காணல்

மலேரியா ஒட்டுண்ணி நுளம்பின் உடலில் வளர்வதை ரொனால்ட் ரொஸ் 1897இல் செக்கந்திராபாத்தில் கண்டறிந்தார். மனிதரிடையே நோயைப் பரப்புவது அனோபிலிஸ் நுளம்பே என்பதை இத்தாலிய ஆய்வாளர் 1898இல் நிறுவினர். இலங்கையில் மலேரியாத் தடை இயக்கம் 1911இல் குருநாகலில் தொடங்கப்பட்டது. தலைமன்னார்த் துறைமுகத்தின் மலேரியா நிலை குறித்து ஜேம்ஸ், குணசேகர ஆகிய இருவரும் 1913இல் அறிக்கை வெளியிட்டனர். 1920களில் எச். எவ். காட்டர் என்னும் பூச்சியியலாளரின் தலைமையில் நடந்த ஆய்வுகள், இத்தீவில் வாழும் பல அனோபிலிஸ் இனங்களுள் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்பதே முதன்மையான நோய்க்காவி என்பதைத் தெளிவுபடுத்தின.

இவ்வினத்தின் வாழ்க்கை முறையை அறியாதார் இலங்கை மலேரியாவின் வரலாற்றை விளங்கிக்கொள்ளல் அரிது. இதன் பெண் நுளம்பு சேற்றுநீரையோ சாக்கடையையோ நாடுவதில்லை. தெளிந்த, தேங்கிய, வெயில் படும் நீரிலேயே பெரும்பாலும் முட்டையிடும். ஆற்றின் நீரோட்டம் குறைந்து மணலிலும் பாறையிடுக்கிலும் சிறு குட்டைகள் எஞ்சும்போது, அவையே இதற்கு உகந்த பிறப்பிடங்களாகின்றன. வெள்ளம் பெருகி ஓடுமாயின் குடம்பிகள் அடித்துச் செல்லப்படும். எனவே, ஆறுகள் வற்றாது ஓடும் ஈரவலயத்தில், மழை பொய்க்கும் ஆண்டே ஆபத்தான ஆண்டாகும்.

2. 1934–35ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்

மேற்கூறிய உண்மை மிகக் கொடிய முறையில் நிரூபணமாயிற்று. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயா, மா ஓயா, களனி கங்கை முதலியன ஓட்டம் குன்றிக் குட்டைகளின் தொடர்களாயின. ஒக்டோபர் மாத இறுதியில் தொடங்கிய காய்ச்சல், குருநாகல், கேகாலை மாவட்டங்களில் காட்டுத்தீயெனப் பரவிற்று. ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் சுமார் 15 இலட்சம் பேர் நோயுற்றனர். சுமார் 80,000 பேர் மாண்டனர். இறந்தோருட் குழந்தைகள் மிகப் பலர்.

உலர்வலய மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்நோயுடன் வாழ்ந்து ஓரளவு நிர்ப்பீடனம் பெற்றிருந்தனர். நோயை அதிகம் அறியாத ஈரவலய ஓரத்து மக்களிடம் அத்தகைய காப்பு இருக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தால் தெங்கு, இறப்பர் விலைகள் வீழ்ந்து, உணவுக்கே வழியற்றிருந்த குடும்பங்களை நோய் எளிதில் வீழ்த்திற்று. கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டு சென்ற சூரியமல் இயக்கத்தினருள் என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்க ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உதயமானதற்கும், 1936இல் பெரேராவும் குணவர்த்தனவும் அரசாங்க சபைக்குத் தெரிவானதற்கும் இப்பணி பெற்றுக்கொடுத்த மக்கள் ஆதரவு துணைநின்றது. ஆற்றுக் குட்டையில் தொடங்கிய இடர் அரசாங்க சபையின் வாயிலையும் எட்டிற்று எனலாம்.

3. டீ.டீ.ரீ. காலம்

போல் முல்லர் 1939இல் டீ.டீ.ரீ.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். இலங்கையில் 1945இல் பரீட்சார்த்தமாகவும், 1946 தொடக்கம் பரவலாகவும் இது வீட்டுச் சுவர்களில் தெளிக்கப்பட்டது. குருதி குடித்த நுளம்பு சுவரில் அமர்ந்து இளைப்பாறும் இயல்பினது. அச்சுவரிற் படிந்துள்ள நஞ்சு அதனைக் கொல்லும். 1946இல் சுமார் 28 இலட்சமாயிருந்த நோயாளர் தொகை 1963இல் 17ஆகக் குறைந்தது. பருமட்டான இறப்பு வீதமும் 1946இல் ஆயிரத்துக்கு 20ஆக இருந்து, அடுத்த ஆண்டில் 14ஆக வீழ்ந்தது. இவ்வீழ்ச்சியில் டீ.டீ.ரீ.யின் பங்கு எவ்வளவு, மருத்துவமனைகள், உணவு வழங்கல் ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்பது குறித்து நியூமன், பிரெடரிக்சன், மீகம ஆகியோர் 1960களில் நடத்திய விவாதம் குடித்தொகையியலிற் புகழ்பெற்றதாகும்.

4. பதினேழிலிருந்து ஐந்து இலட்சம்

வெற்றி கைகூடியதெனக் கருதப்பட்ட நிலையில், 1963–64ஆம் ஆண்டுகளில் தெளிப்பு நிறுத்தப்பட்டது. ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட நூலுக்கு அஞ்சி இலங்கை டீ.டீ.ரீ.யைத் தடை செய்தமையாலேயே மலேரியா மீண்டது என்னும் கூற்று பிறநாட்டு எழுத்துக்களிற் பலகாலும் காணப்படுகின்றது. இது வரலாற்றுக்கு முரணானது. நோய் மிகக் குறைந்தபின் தெளிப்பைக் கைவிட்டுக் கண்காணிப்பால் எஞ்சிய நோயாளரைத் தேடிக் குணமாக்குதல், உலகளாவிய ஒழிப்புத் திட்டம் வகுத்திருந்த நடைமுறையே. தவறியது அக்கண்காணிப்பே. நோய் காணாமற் போனதும் அதற்கான நிதியும் ஆட்களும் விழிப்பும் குறைந்தன. எலகெர போன்ற இடங்களில் இரத்தினக்கல் அகழ்வோர் தோண்டிய குழிகளில் நீர் தேங்கிற்று. சேனைப் பயிர்ச்செய்கையாளர் சுவரற்ற குடிசைகளில் இரவைக் கழித்தனர். மழை குன்றிய 1967–68ஆம் ஆண்டுகளில் நோய் பொங்கியெழுந்தது; 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று.

டீ.டீ.ரீ. மீண்டும் தெளிக்கப்பட்டது. ஆனால், நுளம்புகள் அதனைத் தாங்கும் ஆற்றல் பெற்றிருந்தமை 1969இல் கண்டறியப்பட்டது. நஞ்சுக்குத் தப்பிய சிலவற்றின் சந்ததியே பெருகி, அத்தாங்குதிறன் இனம் முழுவதிலும் பரவுதல் பூச்சியியலில் நன்கறியப்பட்ட உண்மை. 1970களின் நடுப்பகுதியிலிருந்து மலத்தியன் அதனிடத்தைப் பெற்றது. காலப்போக்கில் அதற்கும் எதிர்ப்பு வளர்ந்தது.

5. நீரை நோக்கித் திரும்பிய ஆய்வு

மகாவலித் திட்டத்தின் அணைகள் ஆற்றைத் திசைதிருப்பியபோது, அணைகளுக்குக் கீழே வற்றிய படுகையில் குட்டைகள் தோன்றின. 1934இல் வானம் செய்ததை இப்போது மனிதர் செய்தனர். நிர்ப்பீடனமற்ற குடியேற்றவாசிகள் நோயுற்றனர். 1987இல் நாடு முழுவதும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர் பதிவாகினர்.

இவ்வனுபவம் ஆய்வாளரை மீண்டும் நீரை நோக்கித் திருப்பிற்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீலிக்ஸ் அமரசிங்கவும் அவருடன் இணைந்த ஆய்வாளரும் 1990களில் யான் ஓயாவின் மேற்பகுதியை ஆராய்ந்தனர். குளங்களைக் காட்டிலும் அவற்றுக்கு நீர் கொண்டுசெல்லும் ஓடையின் குட்டைகளே நுளம்பின் முதன்மையான பிறப்பிடம் என்பதும், நீரைத் தக்க காலத்தில் திறந்துவிட்டு ஓட்டத்தைப் பேணினால் நுளம்பைக் குறைக்கலாம் என்பதும் அவர்களது முடிபுகளாகும். நீர்ப்பாசன வாய்க்காலின் மதகு நஞ்சுத் தெளிகருவிக்கு நிகரான சுகாதாரக் கருவியாகலாம் என்பது இவ்வாய்வின் சாரம். ஒரே இனமெனக் கருதப்பட்ட கியூலிசிபேசிஸ் பல உடன்பிறப்பு இனங்களின் தொகுதி என்பதும், இலங்கையில் நோயைப் பரப்புவதில் அவற்றுள் ‘ஈ’ எனப் பெயரிடப்பட்ட இனத்துக்கே முதன்மையான பங்குண்டு என்பதும் எஸ். என். சுரேந்திரன் முதலியோரின் ஆய்வால் 2000ஆம் ஆண்டளவில் தெரியவந்தன.

6. ஒழிப்பும் புதிய வருகையும்

மருந்திட்ட நுளம்புவலை, மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பூச்சிநாசினி, இடையறாத குருதிப் பரிசோதனை ஆகியன ஒருங்கிணைந்தமையால், போர் நடந்த காலத்திலேயே நோய் வீழ்ச்சியுற்றது. 1999இல் இரண்டரை இலட்சத்துக்கு மேலிருந்த நோயாளர் தொகை 2008இல் ஆயிரத்துக்கும் கீழிறங்கிற்று. உள்நாட்டிற் பரவிய இறுதி நோயாளர் 2012 ஒக்டோபரிற் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

அதே ஆண்டின் இறுதியில், அதுவரை இலங்கையிற் காணப்படாத அனோபிலிஸ் ஸ்ரெபன்சி மன்னாரிற் கண்டறியப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் இது காணப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இவ்வினம் ஆற்றை வேண்டுவதில்லை. கிணறும் நீர்த்தொட்டியும் இதற்குப் போதும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத, கிணற்று நீரையே நம்பி வாழும் குடாநாட்டுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். வெளிநாடுகளிலிருந்து மலேரியாத் தொற்றுடன் வருவோர் தொடர்ந்து இனங்காணப்படுகின்றனர். காவியும் ஒட்டுண்ணியும் சந்திப்பதற்கு வேண்டிய சூழ்நிலை முற்றாக நீங்கிவிடவில்லை.

முடிவுரை

1934இல் ஆறுகள் வற்றியதன் பொருள் உணரப்படவில்லை. 1963க்குப் பின் கண்காணிப்புத் தளர்ந்தது. 1980களில் அணை கட்டியோர் நுளம்பை எண்ணவில்லை. இம்மூன்று நிகழ்ச்சிகளிலும் பூச்சியைப் பற்றிய அறிவு முற்றாக இல்லாமற் போகவில்லை. அது உரிய இடத்தைச் சென்றடையவில்லை என்பதே உண்மை. நோயற்ற காலத்தில் கிணறு கிணறாகக் குடம்பி தேடும் களப்பணியாளரின் ஊதியம் வீண்செலவாகவே தோன்றும். 1963இலும் அவ்வாறே தோன்றிற்று. அதன் விலை ஆறே ஆண்டுகளில் ஐந்து இலட்சம் நோயாளராக அறவிடப்பட்டமையை, மன்னாரினதும் யாழ்ப்பாணத்தினதும் கிணறுகளைப் பற்றி இன்று முடிவெடுப்போர் நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.