வெட்டப்பட்ட தாள்: இலண்டன் பட இதழ்களும் தாது வருடப் பஞ்சத்தின் உருவச் சான்றும்

கோப்பன்ஹேகனுக்கு வரும் தமிழாய்வாளர்கள் பெரும்பாலும் தரங்கம்பாடியைத் தேடியே வருகின்றனர். டேனியர் அங்குக் கோட்டை எழுப்பிய 1620 முதல், செரம்பூருடன் சேர்த்து அதனைப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விற்ற 1845 வரையிலான ஆவணங்கள் இந்நகரில் உள்ளன. அவை பற்றி எழுதப்பட்டவை பல. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது, அதே நகரின் பழைய நூற்கடைகளில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில வார இதழ்களை. அவற்றைத் திரட்டும் முறை நம் வரலாற்றுச் சான்றுகளின் தரத்தை நேரடியாகப் பாதிக்கிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஃபியோல்ஸ்ட்ரேட என்னும் தெருவின் பழைய நூற்கடை ஒன்றில், அட்டைச் சட்டமிட்ட ஒற்றைத் தாளொன்றை வாங்கினேன். பஞ்ச நிவாரணத்திற்காகக் காத்திருக்கும் மெலிந்த மனிதர் கூட்டம் அதில் இருந்தது. ஓரங்கள் வெட்டப்பட்டிருந்தன, படத்தலைப்பும் இல்லை. பின்புறத்தில் யாரோ டேனிய மொழியில் 'இந்தியா, 1877' என்று பென்சிலால் குறித்திருந்தார். தாது வருடப் பஞ்சத்தில் சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்கள் பட்ட துயரை அறிந்திருந்த நான், அதனைச் சேலத்துக் காட்சியென ஊகித்து, ஒரு விரிவுரையில் அவ்வாறே காட்டியும் விட்டேன். ஊகம் என்று சொல்லவில்லை. அதுவே என் பிழை.

சில ஆண்டுகளுக்குப் பின், 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழின் 1877ஆம் ஆண்டு இரண்டாம் அரையாண்டுத் தொகுதி முழுமையாகக் கைக்கு வந்தபோது உண்மை தெரிந்தது. படம் வெளிவந்த நாள் 1877 அக்டோபர் 20. காட்டப்பட்ட இடம் பெங்களூர். அந்நகர் அன்று சென்னை மாகாணத்தில் அன்று, 1831 முதல் ஆங்கில ஆணையரின் நேரடி ஆட்சியிலிருந்த மைசூர் அரசில் இருந்தது. இரு பகுதிகளின் நிவாரண நிர்வாகமும் வேறு வேறு. மாகாணத்தில் ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் உழைப்பாளியின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவுமாகக் குறைத்ததும், அதனை எதிர்த்து எழுந்த வாதங்களும் சென்னையின் வரலாறு. பெங்களூர்ப் படத்தைச் சேலத்தின் மேல் ஒட்டும்போது அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. இன்றும் அப்படம் இடப்பெயரின்றித் தமிழகப் பஞ்சத்தின் முகமாகப் பல மேடைகளில் காட்டப்படுகிறது.

இத்தகைய பிழை ஏன் எளிதில் நேர்கிறது என்பதை இவ்விதழ்களின் உருவாக்க முறை விளக்குகிறது. 1842 மே 14இல் ஹெர்பர்ட் இங்கிராம் தொடங்கிய அவ்விதழும், 1869 டிசம்பரில் அதற்குப் போட்டியாக எழுந்த 'தி கிராஃபிக்'கும் மரச்செதுக்கையே நம்பியிருந்தன. எழுத்துடன் சேர்த்துப் புகைப்படத்தை அச்சிடும் ஹாஃப்டோன் முறை அப்போது வழக்கிற்கு வரவில்லை. ஆகவே களத்திலிருந்து வந்த கோட்டோவியமோ புகைப்படமோ இறுகிய பாக்ஸ் மரக்கட்டைகளில் மீண்டும் வரையப்பட்டது. பெரிய படமாயின் கட்டைகளைப் பிரித்துப் பலர் ஒரே வேளையில் செதுக்கிப் பின் திருகாணியால் இணைத்தனர். இலண்டனில் அமர்ந்து செதுக்கியவருள் இந்தியாவைக் கண்டவர் அரியர். எனவே படத்திலுள்ள தலைப்பாகையையோ மரத்தையோ கொண்டு ஊரைத் துணிவது பயனற்றது. இடத்திற்கும் நாளுக்கும் சான்று, படத்தின் கீழுள்ள வரியும் அதே இதழில் வேறொரு பக்கத்தில் அச்சிடப்பட்ட குறிப்புமே. பழம்பொருள் வணிகர் தொகுதியைப் பிரித்துப் படங்களைத் தனித்தனியே விற்கும்போது முதலில் குப்பைக்குச் செல்வது அந்த எழுத்துப் பக்கந்தான். முழுத்தொகுதியை விட உதிரித்தாள்கள் கூடுதல் வருவாய் தருவதால் இவ்வழக்கம் நிற்கவில்லை. வாங்கிய என் போன்றோருக்கும் அதில் பங்குண்டு.

முழுத்தொகுதி வேறொன்றையும் காட்டுகிறது. பஞ்சப் படம் வெளிவந்த அதே மாதங்களில் இதழை நிறைத்திருந்தது ருசிய–துருக்கியப் போர். பிளெவ்னா முற்றுகை வாரந்தோறும் இடம்பிடித்தது. அவ்வாண்டு சனவரி முதல் நாள் டெல்லியில் விக்டோரியா இந்தியப் பேரரசியென அறிவிக்கப்பட்ட தர்பாரின் காட்சிகள் முதல் அரையாண்டுத் தொகுதியில் உள்ளன. அப்போதே தெற்கில் பஞ்சம் தொடங்கிவிட்டது. ஆகஸ்டில் ஆளுநர் பக்கிங்காம் கோமகன் தலைமையில் சென்னையிலிருந்து வேண்டுகோள் சென்று, இலண்டன் மாநகர மேயர் நிதி திரட்டத் தொடங்கிய பின்னரே அக்டோபர்ப் படம் வருகிறது. அப்படம் பஞ்சத்தின் ஆவணம் மட்டுமன்று; நன்கொடையாளரின் இரக்கத்தை நாடிய காட்சியுங்கூட. அதில் மனிதர் காத்திருக்கின்றனர், அவ்வளவே. அதே பஞ்சத்தைச் சிவகங்கைச் சீமையிலிருந்து அங்கதமாகப் பாடிய வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுக விலாச'த்தில் மனிதர் பேசுகின்றனர், ஏசுகின்றனர். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் முயற்சி போதிய அளவு நடைபெறவில்லை.

மின்வடிவத் தேடல் இக்குறையை முற்றும் நீக்காது. 'பஞ்சம்' என்னும் சொல்லை இட்டால் திரையில் வருவது அந்த ஒரு பக்கமே, பிளெவ்னா வருவதில்லை. தமிழ் ஆய்வு நூலகங்கள் உதிரித்தாள்களை நன்கொடையாக ஏற்கும்போது இதழின் பெயர், நாள், பக்க எண், அச்சிட்ட படத்தலைப்பு ஆகிய நான்கையும் பதிய வேண்டும். இவற்றில் எது இல்லையோ அதனை இல்லையென்றே பதிய வேண்டும். பொருள் வசதி இருப்பின் 1876 முதல் 1878 வரையிலான அரையாண்டுத் தொகுதிகளைப் பிரிக்காமல் வாங்குவது நன்று.

என் தாள் இப்போது அத்தொகுதியின் உரிய பக்கத்துக்கருகே செருகப்பட்டுள்ளது. பென்சிற் குறிப்பை நான் அழிக்கவில்லை. அதன் கீழே 'பெங்களூர், அக்டோபர் 20' என்று எழுதியுள்ளேன்.